அதியமான் பரம்பரை எங்கே போனது? ஓசூர் எல்லையில் கற்கள் சொல்லும் வம்சக் கதை!

உங்கள் தாத்தாவின் பெயர் தெரியும். அவருடைய அப்பா பெயரும் தெரிந்திருக்கலாம். அதற்கும் மேலே? நாலாவது தலைமுறைக்குப் போனாலே நம்மில் பலருக்கு மூச்சு வாங்கிவிடும். ஐந்தாவது தலைமுறையைக் கேட்டால், "ஊர்ல பெரியவங்க யாராவது இருந்தா கேட்கணும்" என்பதுதான் பதிலாக வரும்.

ஆனால், தருமபுரியை ஆண்ட ஒரு குறுநிலத் தலைவன், தன் வம்சத்தின் முன்னோர் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பெயரைச் சொல்லிக்கொண்டான். வாய்வழியாகச் சொன்னதோடு விடவில்லை. தமிழிலும் சமஸ்கிருதத்திலும் கல்லில் வெட்டியே வைத்துவிட்டான். அவன் சொன்ன முன்னோர் வேறு யாருமில்லை, ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் குலம்!

ஓசூர், கிருஷ்ணகிரி என்றதும் இன்று சிப்காட், கிரானைட், மாம்பழம், பெங்களூரு போகும் நெடுஞ்சாலை ஆகியவைதான் நினைவுக்கு வரும். 2004 பிப்ரவரி வரை கிருஷ்ணகிரி தனி மாவட்டம்கூட இல்லை. தருமபுரி மாவட்டத்தின் ஒரு பகுதி. அந்தத் தருமபுரியின் பழைய பெயர்தான் தகடூர். அதியமான்களின் தலைநகரம்.

அந்தக் குலம் எங்கே தொடங்கியது, எப்படி நீடித்தது, எங்கே மறைந்தது? இதைத் தேடிப் போனால் அரச குடும்பத்தின் கதையோடு, அந்த அரசர்களுக்காக உயிர்விட்ட சாமானியக் குடும்பங்களின் கதையும் கூடவே வருகிறது.

மலையில் ஒரு வம்சச் சான்றிதழ்

திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே திருமலை என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஏழுமலையான் திருமலை அல்ல, இது சமணர்களின் திருமலை. ராஜராஜ சோழனின் அக்கா குந்தவையின் பெயரால் அமைந்த குந்தவை ஜினாலயம் இங்குதான் இருக்கிறது. மலையில் நேமிநாதரின் பிரம்மாண்டமான சிலையும் உண்டு.

இந்த ஊரில் உள்ள ஒரு கல்வெட்டுதான் நம் கதையின் மையம். சுமார் 800 ஆண்டுகளுக்கு முந்தையது. சேர குலத்தைச் சேர்ந்த எழினி என்பவன் இந்த மலையில் ஓர் இயக்கன் சிலையையும் இயக்கி சிலையையும் செய்து வைத்தானாம். காலப்போக்கில் அவை பழுதுபட்டுப் போயின. அதே குலத்தில் வந்தவனும் ராஜராஜ அதிகனின் மகனுமான விடுகாதழகிய பெருமாள் அவற்றைச் சீர்செய்து மறுபடியும் நிறுவினான். கூடவே ஒரு சேகண்டியைக் கொடுத்து, நீர் போக வழியும் அமைத்தான். கல்வெட்டு சொல்லும் செய்தி இவ்வளவுதான்.

கவனித்துப் பார்த்தால் இது வெறும் திருப்பணிக் கணக்கு அல்ல என்பது புரியும். 'பழுதுபட்ட சிலையைச் சீர்செய்தேன்' என்பதைவிட, 'என் முன்னோர் செய்த சிலையைச் சீர்செய்தேன்' என்பதுதான் அதில் அழுத்தமாக ஒலிக்கிறது. எழினி என்பது சங்ககால அதியமான் வீட்டுப் பெயர். அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பெயர் பொகுட்டெழினி.

இந்தக் கல்வெட்டில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சமஸ்கிருதப் பகுதியை எழுதிய புலவர், தமிழ்ப் பெயர்களை அப்படியே விடாமல் மொழிபெயர்த்துவிட்டார். எழினி என்றால் தமிழில் திரைச்சீலை. அதனால் அவன் 'யவனிகா' ஆகிவிட்டான். சமஸ்கிருதத்தில் யவனிகா என்றாலும் திரைதான். விடுகாதழகிய பெருமாளின் கதி இன்னும் சுவாரஸ்யம். தொங்கும்படி வளர்த்த காதுக்கு விடுகாது என்று பெயர். அந்தக் காதால் அழகு பெற்றவன் என்பது பெயரின் பொருள். சமஸ்கிருதத்தில் அவன் 'வ்யாமுக்த ஸ்ரவணோஜ்வலன்' ஆனான். தகடூர் 'தகடா' ஆனது.

சமஸ்கிருதப் பகுதி மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யவனிகா என்பவன் யவன நாட்டிலிருந்து வந்த கிரேக்கனோ என்றுகூட யாராவது எழுதியிருப்பார்கள்! பக்கத்திலேயே தமிழும் இருந்ததால் குழப்பம் தீர்ந்தது. வம்சம் தேடுகிறவர்களுக்கு முதல் பாடம் இதுதான்: ஒரே ஆளுக்குப் பல பெயர் இருக்கும், ஒரே பெயர் பல மொழியில் பல வேடம் போடும்.

இன்னொரு முனை: அசோகரின் பட்டியல்

விடுகாதழகிய பெருமாள் கயிற்றின் ஒரு முனை என்றால், மறுமுனை எங்கே இருக்கிறது? அதைத் தேடினால் அசோகச் சக்கரவர்த்தியிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் பாறைகளில் வெட்டுவித்த ஆணைகளில், தன் ஆட்சிக்கு உட்படாத தெற்கத்திய நாட்டவரைப் பட்டியலிடுகிறார். சோழர், பாண்டியர், கேரளபுத்திரர், சதியபுத்திரர் என நான்கு பெயர்கள். முதல் மூன்று பேர் யார் என்பதில் சிக்கலில்லை. அந்த நாலாவது ஆள் யார்?

இந்தக் கேள்வி அறிஞர்களை நீண்ட காலம் படாதபாடு படுத்தியது. காஞ்சிபுரம் என்றார்கள் சிலர். துளு நாடு என்றார்கள் வேறு சிலர். மராட்டியத்தில் சாத்புதே என்ற குடும்பப் பெயர் இருப்பதைக் காட்டி, அங்கே கொண்டுபோனவர்களும் உண்டு. அதியமானாக இருக்கலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் கையில் சான்று இல்லை.

1981-ல் விடை கிடைத்தது. திருக்கோவிலூருக்கு அருகில் ஜம்பை என்ற ஊரில், சமண முனிவர்கள் தங்கிய பாறைக் குகையில் ஒரே ஒரு வரியில் ஒரு தமிழி எழுத்துக் கல்வெட்டைத் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் கண்டறிந்தார்கள். அதியன் நெடுமான் அஞ்சி இந்தப் பள்ளியைக் கொடையாகக் கொடுத்தான் என்கிறது அந்த வரி. அவன் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம்: 'சதியபுதோ'. அசோகர் கல்வெட்டில் வரும் அதே சொல்!

ஒரே வரியில் இரண்டு முடிச்சுகள் அவிழ்ந்தன. அசோகர் சொன்ன சதியபுத்திரர் அதியமான் குலத்தவர் என்பது ஒன்று. சங்கப் பாடல்களில் வாழ்ந்த நெடுமான் அஞ்சி, புலவர்களின் கற்பனை அல்ல, ரத்தமும் சதையுமான மனிதன் என்பது இன்னொன்று.

இடமும் பொருந்திவருகிறது. அதியமான் கோவலூரை வென்றான் என்று புறநானூற்றில் ஔவையார் சொல்கிறார். கோவலூர் என்பது இன்றைய திருக்கோவிலூர். அவன் பெயர் பொறித்த கல் கிடைத்ததும் அதன் பக்கத்திலேயே. பாட்டு ஒரு பக்கம், பாறை ஒரு பக்கம். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதியிருக்க வாய்ப்பில்லாத இரண்டு சாட்சிகள். வம்ச ஆய்வில் இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் கிடைக்காது.

நடுவில் இருப்பவர்கள் யார் யார்?

இரண்டு முனைகள் கிடைத்துவிட்டன. ஒன்று அசோகர் காலம். இன்னொன்று கி.பி. 1200-ஐ ஒட்டிய விடுகாதழகிய பெருமாள் காலம். நடுவில் 1,400 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. இதை நிரப்ப யார் இருக்கிறார்கள்?

சங்ககாலத்தின் முடிவே இந்தக் குலத்துக்குப் பெரிய அடியாக இருந்தது. சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு வென்றான். பதிற்றுப்பத்தில் அரிசில்கிழார் அவனைப் பாடியிருக்கிறார். இந்தப் போரைப் பற்றித் 'தகடூர் யாத்திரை' என்ற தனி நூலே இருந்தது. இன்று அதில் சில பாடல்கள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

அதன்பிறகு சில நூற்றாண்டுகள் இருட்டு. கி.பி. 8-ஆம் நூற்றாண்டில் மறுபடியும் வெளிச்சம் வருகிறது. நாமக்கல் மலையைக் குடைந்து அமைத்த அரங்கநாதர் குடைவரைக் கோயிலைச் செய்வித்தவன் அதிய குலத்துக் குணசீலன் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்று தன் குலப் பெயரையே கோயிலுக்கு வைத்திருக்கிறான்.

அதே நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் வெளியிட்ட செப்பேட்டிலும் அதியன் வருகிறான், இந்த முறை தோற்றவனாக. காவிரியின் வடகரையில் ஆயிரவேலி, அயிரூர், புகழியூர் ஆகிய இடங்களில் அதியனை வென்றதாகப் பாண்டியன் பெருமைப்படுகிறான். அதியனுக்கு உதவியாகப் பல்லவனும் கேரளனும் படையோடு வந்தார்கள் என்கிறது செப்பேடு. தோற்றவன் வீட்டுச் செய்தி வென்றவன் ஆவணத்தில் பத்திரமாக இருப்பது, வரலாற்றில் அடிக்கடி நடப்பதுதான்.

அடுத்த காட்சி கன்னட நாட்டில். கி.பி. 1116-ஐ ஒட்டி, மைசூருக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் உள்ள தலைக்காட்டைச் சோழர் சார்பில் காத்து நின்றவன் ஓர் அதியமான். கன்னடக் கல்வெட்டுகள் அவனை 'அதியமா' என்கின்றன. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனின் தளபதி கங்கராஜன், நாட்டை ஒப்படைத்துவிடு என்று கேட்டான். முடியாது, வேண்டுமானால் சண்டை போட்டு எடுத்துக்கொள் என்ற தோரணையில் பதில் வந்தது. சண்டை நடந்தது. தலைக்காடு ஹொய்சளர் வசமானது. இன்றைய தமிழ்நாடு - கர்நாடக எல்லை அன்று இல்லை. அதியமான்களுக்குக் காவிரியின் இரண்டு பக்கமும் வேலை இருந்தது.

கடைசியாக ராஜராஜ அதிகனும், அவன் மகன் விடுகாதழகிய பெருமாளும். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலம். சோழப் பேரரசு தளர்ந்துவந்த நேரம் அது. செங்கத்திலும் கம்பைநல்லூரிலும் விடுகாதழகிய பெருமாளைக் குறிக்கும் கல்வெட்டுகள் இருக்கின்றன. அக்கம்பக்கத்துத் தலைவர்களோடு, 'உன் பகைவன் என் பகைவன்' என்ற பாணியில் அவன் உடன்படிக்கையும் செய்துகொண்டான். அவனுக்குப் பிறகு இந்தக் குலத்தின் அரசியல் வரலாறு மங்கி மறைகிறது. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பகுதியில் ஹொய்சளர் கை ஓங்கியது. ஹொய்சள வீர ராமநாதன் வேப்பனப்பள்ளி அருகே உள்ள குந்தாணியைத் தலைநகராக்கி ஆண்டான்.

சரி, சொன்னது உண்மைதானா?

இப்போது ஒரு சங்கடமான கேள்வி. விடுகாதழகிய பெருமாள் உண்மையிலேயே ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவனின் வாரிசா?

மேலே சொன்ன பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். அப்பா - மகன் என்று உறுதியாகச் சொல்ல முடிவது இரண்டே இடங்களில்தான். நெடுமான் அஞ்சி - பொகுட்டெழினி ஒன்று. ராஜராஜ அதிகன் - விடுகாதழகிய பெருமாள் இன்னொன்று. நடுவில் வருகிற குணசீலனுக்கும், பாண்டியனிடம் தோற்ற அதியனுக்கும், தலைக்காட்டு அதியமானுக்கும் என்ன உறவு என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. குலப்பெயர் தொடர்கிறது, ரத்தத் தொடர்புக்கு ஆவணம் இல்லை.

சேர குலம் என்ற உரிமைக்கோரலும் அப்படித்தான். அசோகர் பட்டியலில் கேரளபுத்திரரும் சதியபுத்திரரும் தனித்தனி. தகடூரை அழித்தவனே ஒரு சேரன். அப்படியிருக்க, 12-ஆம் நூற்றாண்டில் 'நாங்கள் சேர குலம்' என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஆனால் அதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. சேரர்களின் அடையாளம் பனம்பூ மாலை. அஞ்சியும் பனம்பூ மாலை அணிந்தவன் என்று ஔவையார் பாடுகிறார். பங்காளிச் சண்டையில் ஊரையே அழிப்பது நம் நாட்டில் புதிதல்ல. 8-ஆம் நூற்றாண்டில் கேரளன் அதியனுக்குப் படை அனுப்பியதும் நினைவுக்கு வருகிறது. அது உறவுமுறையா, அரசியல் கூட்டணியா என்பதைச் செப்பேடு சொல்லவில்லை. ஆக, கிளைக்குடும்பமாக இருக்கலாம். பழம்பெருமைக்காக ஒட்டவைத்ததாகவும் இருக்கலாம்.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. இங்கிலாந்தில் 'நைட்' பட்டம் பெற்ற போர்வீரக் குடும்பங்களின் பரம்பரையை ஆராய்கிறவர்களுக்கும் இதே தலைவலிதான். 1066-ல் நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்த வில்லியம் மன்னரோடு வந்தது எங்கள் பாட்டன்தான் என்று சொல்லிக்கொள்ளாத பெரிய குடும்பம் அங்கே குறைவு. 16-ஆம் நூற்றாண்டில் புதுப் பணக்காரர்கள் காசு கொடுத்தே வம்சாவளி எழுதி வாங்கினார்கள். பொய்க் கணக்கைப் பிடிக்க, 1530 முதல் 1688 வரை அரச அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகப் போய், குலச்சின்னம் வைத்திருப்பவர்களிடம் ஆதாரம் கேட்டார்கள்.

அங்கே ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1086-லேயே நாட்டின் பெரும்பகுதியில் நிலம் யாரிடம் இருக்கிறது என்று கணக்கெடுத்து 'டூம்ஸ்டே' பதிவேடு தயாரித்துவிட்டார்கள். 13-ஆம் நூற்றாண்டிலிருந்து, மன்னரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால் அதிகாரிகள் விசாரணை நடத்தி, வாரிசு யார், வயது என்ன என்று எழுதி வைத்தார்கள். நிலத்தைப் பின்தொடர்ந்து போனால் குடும்பம் தானாகக் கிடைத்துவிடும்.

நம் ஊரில் அப்படி ஒரு பதிவேடு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நிலத்தின் கதை இங்கேயும் எழுதப்பட்டிருக்கிறது. காகிதத்தில் இல்லை, வயல்வெளியில் நிற்கும் கல்லில்!

வேடியப்பன் யார் தெரியுமா?

கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் பக்கத்துக் கிராமங்களில் 'வேடியப்பன்' கோயில் என்று கேட்டால் காட்டுவார்கள். வேப்பமரத்தடியில் அல்லது ஏரிக்கரையில் ஒரு பலகைக் கல். அதில் கையில் வில்லோ வாளோ ஏந்திய வீரன். ஊர்க்காரர்களுக்கு அது குலசாமி. ஆடு வெட்டிப் பொங்கல் வைப்பார்கள். தொல்லியல் ஆய்வாளர்களுக்கு அது நடுகல். ஆநிரை மீட்கும் சண்டையில், புலியோடு நடந்த போராட்டத்தில், ஊரைக் காக்கும் போரில் இறந்தவனுக்கு எடுத்த நினைவுக்கல்.

எழுத்துள்ள நடுகல் ஒன்றைப் படித்தால், ஒரு சின்ன குடும்ப அட்டையைப் படிப்பது போலிருக்கும். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த நாடு, எந்தத் தலைவனின் சேவகன், யாருடைய மகன், எந்தச் சண்டையில் பட்டான் என்று வரிசையாக வரும். 'பட்டான்' என்றால் வீழ்ந்து இறந்தான் என்று பொருள்.

செங்கம் பக்கத்தில் எடுத்தனூரில் உள்ள பல்லவர் காலத்து நடுகல்லில் இறந்துபோன வீரன் மட்டுமல்ல, அவனுடைய நாயும் இருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அங்கேயே காவலாக நின்றதாம். 1,400 ஆண்டுகளுக்கு முந்தைய அரசர்கள் பலரின் பெயர் காணாமல் போய்விட்டது. ஒரு நாயின் பெயர் பத்திரமாக இருக்கிறது!

வீரன் இறந்தால் குடும்பம் என்ன ஆகும்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. அவன் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். ரத்தம் சிந்தியதற்காகக் கொடுத்த நிலம் என்பதால், தமிழில் அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். கன்னடக் கல்வெட்டுகளில் கல்நாடு என்ற சொல் வரும். படைச்சேவைக்கு நிலம் கொடுக்கும் இங்கிலாந்து முறையும், நம் எல்லைப்புறத்து உதிரப்பட்டியும் ஒன்றல்ல. ஆனால் வாளுக்கும் வயலுக்கும் முடிச்சுப் போடும் யோசனை இரண்டுக்கும் பொது.

இதற்குச் சிறந்த உதாரணம் ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி பெங்களூருக்குள் நுழையும்போது வரும் பேகூர். சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பு கங்க அரசன் எரேயப்பனின் கீழ் நாகத்தரன் என்பவன் இங்கே தலைவனாக இருந்தான். வீரமகேந்திரன் என்ற மன்னனுக்கு எதிரான போருக்கு அரசன் அவனை அனுப்பினான். தும்பேபாடி என்ற இடத்தில் நடந்த சண்டையில் நாகத்தரன் இறந்துபோனான். செய்தி கேட்ட அரசன், நாகத்தரனின் பட்டத்தை இருகன் என்பவனுக்குக் கட்டி, பேகூர் முதலான 12 ஊர்களைக் கல்நாடாகக் கொடுத்தான். போர்க்காட்சியோடு இதையெல்லாம் சொல்லும் அந்தக் கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பேகூர் கோயிலில் இன்னொரு கல்லும் உண்டு. நாகத்தரன் வீட்டைச் சேர்ந்த ஒருவன் 'பெங்களூரு' சண்டையில் இறந்ததை அது சொல்கிறது. பெங்களூரு என்ற பெயர் வரும் மிகப் பழைய கல்வெட்டு இதுதான். இன்று கோடிக்கணக்கில் பணம் புரளும் ஒரு மாநகரின் பெயர், ஒரு நினைவுக்கல்லின் தயவில் நமக்குக் கிடைத்திருக்கிறது.

இந்தக் கற்களில் ஒரு குறையும் உண்டு. அப்பா பெயர் இருக்கும், அம்மா பெயர் தேடினாலும் கிடைக்காது. திருமலைக் கல்வெட்டில் விடுகாதழகிய பெருமாளின் தந்தை இருக்கிறார், தாய் இல்லை. கணவனோடு தீயில் இறந்த பெண்களுக்கு எடுத்த சதிக்கற்களில் பெண் உருவம் இருக்கும். பல கற்களில் எழுத்தே இருக்காது. அதியமான் குலத்துக்கு மிக முக்கியமான சாட்சி ஒரு பெண் புலவரான ஔவையார் என்பதை நினைத்தால், இந்த மௌனம் இன்னும் உறுத்துகிறது.

கல் நகர்ந்தால் கதை போச்சு

ஓசூர் வேகமாக வளர்கிறது. நேற்றைய ராகி வயல் இன்று லேஅவுட். நேற்றைய குன்று இன்று குவாரி. சாலை அகலமாகிறது, ஏரிக்கரை உயர்கிறது, பழைய கோயில் கிரானைட் போட்டுப் புதிதாகிறது. வேலையும் வருமானமும் வருவதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால், ஒரு ஜேசிபி ஓட்டுநருக்கு நடுகல்லும் வெறும் பாறாங்கல்லும் ஒன்றுபோலத்தான் தெரியும். துணி துவைக்கும் கல்லாக, வாய்க்கால் மேல் போட்ட பலகையாக, அஸ்திவாரத்தில் அடுக்கிய கல்லாக எழுத்துள்ள கற்கள் மாறிப்போவது தமிழ்நாடு முழுக்க நடக்கிற கதை.

கல் உடைந்தால்தான் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். இடம் மாறினாலே பாதிச் செய்தி போய்விடும். ஜம்பைக் கல்வெட்டு திருக்கோவிலூர் பக்கத்தில் இருந்ததால்தான் ஔவையார் சொன்ன கோவலூர் வெற்றியோடு அதைச் சேர்த்துப் பார்க்க முடிந்தது. அதே எழுத்து எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஒரு கடையில் கிடைத்திருந்தால், அந்தக் கண்ணி அறுந்திருக்கும்.

எல்லைப்புறத்துக்கு இது கூடுதல் நஷ்டம். இங்கே தமிழ், கன்னடம், தெலுங்கு பேசுகிறவர்கள் ஒரே தெருவில் இருக்கிறார்கள். கல்வெட்டுகளும் அப்படித்தான் கலந்து கிடக்கின்றன. ஒரு மொழி மட்டும் தெரிந்தவர், தனக்குப் புரியாத எழுத்துள்ள கல்லைத் தேவையில்லை என்று ஒதுக்கிவிட்டால், பக்கத்து வீட்டுக்காரரின் பாட்டன் பெயர் அழிந்துபோகும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• வயலிலோ மரத்தடியிலோ வீரன் உருவமோ எழுத்தோ உள்ள கல்லைப் பார்த்தால் முதலில் போட்டோ எடுங்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் தேய்ந்த எழுத்துகூடத் தெளிவாகத் தெரியும். இரவில் செல்போன் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து அடித்தும் எடுக்கலாம்.

• கல் மட்டும் போதாது. சுற்றுப்புறமும் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒரு படம், அளவுக்காகப் பக்கத்தில் ஒரு அடிக்கோல் வைத்து ஒரு படம் எடுங்கள். செல்போனில் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

• எழுத்தைத் தெளிவாக்குகிறேன் என்று சாக்பீஸ் தேய்ப்பது, கம்பியால் சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, ஆசிட் ஊற்றிக் கழுவுவது எதுவும் வேண்டாம். தண்ணீர் தெளித்து மென்மையாகத் துடைத்தால் போதும்.

• ஊர்க்காரர்கள் கும்பிடுகிற கல் என்றால் அவர்களிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். அந்தச் சாமியைப் பற்றி அவர்கள் சொல்லும் கதையையும் எழுதிக்கொள்ளுங்கள். கும்பிடுகிறவர்கள் இருக்கும்வரை அந்தக் கல்லுக்கு ஆபத்து குறைவு.

• கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம், மாவட்ட அரசு அருங்காட்சியகம் ஆகியவற்றில் தகவல் சொல்லலாம். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களை நேரிலேயே பார்க்கலாம். குழந்தைகளை ஒருமுறை கூட்டிப்போங்கள்.

உங்கள் வீட்டு வம்சத்தைத் தேட...

ராஜ வம்சம் இருக்கட்டும், நம் வீட்டுக் கதை? அதற்கும் அதே வழிதான். வீட்டில் மூத்தவர்களிடம் இன்றைக்கே பேசி, செல்போனில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பாட்டிகளிடம் கேட்க மறக்காதீர்கள். கல்வெட்டு விட்டுப்போன பெண் பெயர்கள் அவர்களிடம்தான் இருக்கும்.

அடுத்து, பீரோவில் இருக்கும் பழைய கிரயப் பத்திரம், பாகப் பத்திரம், பட்டா. 'இன்னாருடைய மகன் இன்னார்' என்று அதில் எழுதியே இருக்கும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டால், ஒரே நிலம் எந்தக் கை மாறி வந்தது என்று தெரியும். குலதெய்வக் கோயிலில் பழைய வரிப் பட்டியல், திருப்பணி நன்கொடைக் கல் இருந்தால் பாருங்கள்.

கேட்ட செய்தி, எழுதியிருக்கும் செய்தி, ஊகம் மூன்றையும் தனித்தனி வண்ணத்தில் எழுதி வையுங்கள். 'அப்பா சொன்னார்' என்பதும் 'பத்திரத்தில் இருக்கிறது' என்பதும் ஒன்றல்ல. இரண்டு தொடர்பில்லாத சாட்சிகள் ஒத்துப்போனால் நம்பலாம். ஒரு தலைமுறை கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள். 'நாங்கள் அந்த ராஜா வம்சம்' என்று யாராவது சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள், மறுக்க வேண்டாம். ஆனால் ஆதாரம் கிடைக்கும்வரை அது ஊக வண்ணத்திலேயே இருக்கட்டும். சேர குலம் என்று கல்லில் வெட்டிய விடுகாதழகிய பெருமாளையே நாம் அப்படித்தானே வைத்திருக்கிறோம்!

அதியமான் பரம்பரை எங்கே போனது என்பதற்கு இன்றுவரை முழு விடை இல்லை. ஜம்பைக் கல்வெட்டு கண்ணில் படாமல் 1,900 ஆண்டுகளாக அந்தக் குகைக்குள்ளேயே இருந்தது. விடுபட்ட இன்னொரு கண்ணி கிருஷ்ணகிரியின் ஏதோ ஒரு ஏரிக்கரையில், முள்ளுச்செடிக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கலாம். அடுத்த முறை ஊர்ப்பக்கம் போகும்போது சாலையோரக் கல்லை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அதில் யாரோ ஒருவருடைய அப்பா பெயர் இருக்கலாம்.